இருபத்திரண்டு நிமிட பேட்டரி

மொட்டை மாடிச் சாவியைக் கேட்டு வாங்குவதற்கே அவளுக்கு மூன்று நாள் ஆனது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதியே பழகிய கை, சாவியைக் கொடுக்கும்போதும் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டியது. எடுத்த நேரம், திருப்பித் தந்த நேரம், காரணம். காரணம் என்ற கட்டத்தில் 'ட்ரோன்' என்று எழுதினாள்.

"அது பொருளாச்சேம்மா. காரணம் என்ன?"

'பறக்கவிட' என்று சேர்த்தாள்.

"எதுக்குப் பறக்கவிடணும்?"

அதற்கு நோட்டில் கட்டம் இல்லை. அவள் சாவியை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. காற்று இல்லை. எட்டு மணி வரை இருக்காது என்று வானிலைச் செயலி சொல்லியிருந்தது. அணையின் மதகுகளை நேற்று மாலை திறந்துவிட்டார்கள். எட்டு மாதமாக அவள் காத்திருந்தது இந்த இரண்டும் சேர்ந்து வரும் ஒரு காலைக்காகத்தான்.

அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். ஜன்னல் இல்லாத அறையில் நாளெல்லாம் "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும் வேலை. ஒரு மதிய இடைவேளையில் கைபேசி வரைபடத்தில் ஊரை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆறு வளைந்து போகும் இடத்தில் தண்ணீருக்கு நடுவே நூல் பிடித்தாற்போல ஒரு கோடு தெரிந்தது. அணையிலிருந்து வரும் ஆறு செம்மண் நிறம். காட்டிலிருந்து இறங்கும் சிற்றாறு பால் விடாத தேநீர் நிறம். இரண்டும் சந்தித்த பிறகும் உடனே கலந்துவிடுவதில்லை போலும். ஒரே ஆற்றுக்குள் இரண்டு ஆறுகளாகக் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டு போகின்றன. கரையில் நின்றால் அது தெரியாது. ஒரு பக்கம் பழைய சிமென்ட் ஆலையின் மதில், மறுபக்கம் முள்காடு. மதகு திறக்கிற நாட்களில், மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்.

இந்த எட்டு மாதத்தில் இரண்டு முறை மதகு திறந்தார்கள். முதல் முறை அவளுக்குப் பணி நேரம். இரண்டாம் முறை ட்ரோனே வீட்டில் இல்லை. தன் நண்பன் கடை திறப்பதை மேலிருந்து படம் பிடிக்க வேண்டும் என்று அவள் கணவன், அவளைக் கேட்காமலே, தூக்கிக் கொடுத்திருந்தான். நண்பன் அதைத் திருப்பிக் கொடுத்தபோது, வெயிலில் நின்ற காருக்குள் கிடந்த இரண்டு பேட்டரிகள் தவளை வயிறு போல உப்பியிருந்தன. இந்த மாடலுக்குப் புது பேட்டரி செய்வதைக் கம்பெனி நிறுத்தி ஒன்றரை வருடம். மீதி இருப்பது ஒன்றுதான். அது முழுதாக ஏறினால் இருபத்திரண்டு நிமிடம் தாங்கும்.

அடுத்த முறை என்று ஒன்று இருந்தால் இதற்கெல்லாம் இவ்வளவு பதற வேண்டியதில்லை. நாளை முதல் மருத்துவமனைக் கூரையில் ஹெலிகாப்டர் இறங்கப்போகிறது. சுற்றிலும் ஐந்து கிலோமீட்டருக்குத் தனியார் எதையும் பறக்கவிடக் கூடாது. இந்தக் கட்டடம், ஆறு, ஆற்றின் வளைவு எல்லாம் அதற்குள் அடக்கம். அந்தச் சுற்றறிக்கையை எக்ஸ்ரே அறைக் கதவில் பசை தடவி ஒட்டியவளே அவள்தான். அனுமதி அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்து, ஆற்றுப் பாதையில் மட்டும் மூன்று கிலோமீட்டர் என்று அவள் வாங்கி வைத்திருந்த கடிதம் இன்றோடு காலாவதி.

கணக்கு அவளுக்கு மனப்பாடம். போக ஆறு நிமிடம். திரும்பி வர ஏழு. வளைவின் மேல் ஐந்து. கையிருப்பாக நான்கு. எங்கும் ஒட்டவோ வெட்டவோ இடமில்லாத கணக்கு.

ட்ரோனைத் தரைப்பாயில் வைத்து நான்கு விசிறிகளையும் விரித்துவிட்டாள். கைபேசியை ரிமோட்டில் செருகினாள். கேமரா காட்டுவதெல்லாம் இனி கைபேசித் திரையில்தான் தெரியும். செயற்கைக்கோள் இணைப்பு ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, நல்லவேளை. இன்னும் கிளப்பலையே?"

மாமனார். குடிநீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே நீர்நிலை இந்தக் கட்டடத்தின் மேல்நிலைத் தொட்டி.

"மாமா, இன்னிக்கு வேணாம். நேத்தே சொன்னேன்ல."

"நான் எங்கம்மா உன்னைத் தடுத்தேன்? நீ பாட்டுக்குப் போ. போறதுக்கு முன்னாடி இந்தத் தொட்டியை ஒரு எட்டு பாத்துட்டுப் போன்னுதான் சொல்றேன். நாலு நாளா தண்ணியில ஒரு வாடை. மூடி நகர்ந்திருக்குன்னு நான் சொல்றேன், இல்லைன்னு அந்தச் செயலாளர் மனுஷன் சொல்றார். ஏணியில யாரும் ஏறக் கூடாதுன்னு போர்டு வேற எழுதி மாட்டிட்டார்."

"வந்து பாக்கறேனே. வந்ததுக்கப்புறம்—"

"வந்ததுக்கப்புறம் பேட்டரி இல்லைம்ப. போன மாசமும் இதையேதான் சொன்னே. இதோ, தலைக்கு மேல இருக்கு. ரெண்டு நிமிஷம்."

ட்ரோன் வாங்கிய நாளிலிருந்து அவள் கேட்டு வரும் சொல் அந்த 'ரெண்டு நிமிஷம்'. தெருவிலேயே நீளமான ஏணி வைத்திருப்பவனுக்கு நேரும் கதிதான் அவளுக்கும் நேர்ந்தது. மூன்றாம் மாடியில் பூனை காணோம் என்றால் அவள். முக்குச் சாலையில் நெரிசலா என்று பார்க்க வேண்டுமென்றால் அவள். எதிர்க் கட்டடத்தில் சோலார் தகடு பொருத்திவிட்டார்களாமே, எத்தனை தகடு என்று எண்ணிச் சொல்லவும் அவள். கட்டடமே அவளை 'ட்ரோன் மேடம்' என்றது. பறப்பது பிடித்துத்தான் அவள் அதை வாங்கினாள் என்பது மட்டும் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

மாமனார் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேவிட்டார். பேசிக்கொண்டிருந்தால் அதற்கே பத்து நிமிடம் போகும். பார்த்துத் தொலைத்துவிடுவது லாபம் என்று கணக்குப் போட்டாள். அங்கேதான் சறுக்கினாள்.

ட்ரோன் எழும்பியது. மாடிப்படி அறைக்கு மேலே, தொட்டிக்கு நேர் உயரத்தில் நிறுத்தி, கேமராவைக் கீழே சாய்த்தாள்.

"ரெக்கார்டு பண்ணும்மா. படம் இல்லாம சொன்னா அந்த மனுஷன் நம்ப மாட்டார்."

அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

மூடி நகர்ந்துதான் இருந்தது. ஒரு ஆள் உள்ளே எட்டிப் பார்க்கும் அளவுக்குத் திறந்து கிடந்தது. காலை வெளிச்சத்தில் தண்ணீர் மினுங்கியது. அதன் நடுவே, தோணி போல மெல்லச் சுற்றிக்கொண்டு, பச்சை வார் வைத்த ரப்பர் செருப்பு ஒன்று மிதந்தது.

மாமனார் திரையில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்தார். "என்னம்மா இது?"

"செருப்பு, மாமா."

"செருப்புதான்னு எனக்கும் தெரியுது. கொஞ்சம் கிட்ட போ. இன்னும் கிட்ட. இந்தத் தண்ணியிலதானே நாலு நாளா பல்லு வெளக்கறோம்! ஐயையோ, காபி வேற குடிச்சேனே!"

"மாமா, நான் கிளம்பறேன்."

"இரும்மா! அந்த வாரைக் காட்டு. இந்தச் செருப்பை நான் எங்கயோ பாத்திருக்கேன்."

எண்பத்தாறு என்றது பேட்டரி. ஒரு செருப்புக்காக மூன்று நிமிடம் போய்விட்டது. அவள் ட்ரோனை ஆற்றுப் பக்கம் திருப்பிய அதே நேரம் படியில் இன்னொரு காலடிச் சத்தம், நாத்தனார். இரண்டாம் மாடியில் இருக்கிறாள். கணவனின் தங்கை. அண்ணி ட்ரோன் கிளப்பும் சத்தம் அவளுக்கு எப்படித்தான் கேட்குமோ, கேட்டுவிடும்.

"அண்ணி, அண்ணி, ஒரே ஒரு உதவி. என் படுக்கை விரிப்பு பறந்து போயிடுச்சு. பூப்போட்டது. பக்கத்துக் கட்டடத்து சன்ஷேடுல கிடக்குதான்னு மட்டும்..."

"முடியாது."

"நான் இன்னும் முடிக்கவே இல்லையே!"

"நீ முடிச்சாலும் முடியாதுதான். எனக்கு இன்னிக்கு ஒரு நிமிஷம்கூட மிச்சம் இல்ல. வாரம் பூரா தொண்டை வறளச் சொல்லிட்டிருந்தேனே, யார் காதுலயாவது விழுந்துச்சா?"

"ஆத்துக்குத்தானே போறீங்க? ஆறு எங்க ஓடிப்போயிடும்? விரிப்பை யாராவது எடுத்துட்டா திரும்ப வருமா?"

"ஏம்மா, போற வழிதானே?" என்றார் மாமனார்.

"அது போற வழி இல்ல மாமா! ஆறு இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம்!"

"சரி, அப்பாவுக்கு மட்டும் தொட்டி காட்டலாம், எனக்குன்னா முடியாது," என்று நாத்தனார் வானத்தைப் பார்த்துச் சொன்னாள். சண்டை போடுகிறவளைவிட இப்படி வானத்தைப் பார்த்துப் பேசுகிறவளைச் சமாளிப்பது கஷ்டம். இன்னும் ஆறு மாதத்துக்கு எந்தப் பேச்சை எடுத்தாலும் அந்த விரிப்பு நடுவே வந்து விழும்.

பல்லைக் கடித்துக்கொண்டு ட்ரோனைப் பக்கத்துக் கட்டடத்தின் மேல் சுற்றவிட்டாள். முதல் மாடி சன்ஷேடில் ஒரு வாளி. இரண்டாம் மாடியில் உடைந்த விளக்கு. மூன்றாம் மாடியில் விரிப்பு.

"ஆ, அதான்! அதேதான்! கொஞ்சம் தூக்கிட்டு வர முடியாதா அண்ணி?"

"இது கழுகா?"

எழுபத்தாறு. அவள் யாருக்கும் பதில் சொல்லாமல் ட்ரோனை நூறு மீட்டர் உயரத்துக்கு ஏற்றி ஆற்றை நோக்கி முழு வேகத்தில் விட்டாள். வீடுகள் பின்னால் போயின. முதல் பாலம் வந்தது. அவள் தோள் கொஞ்சம் தளர்ந்த அந்த நேரம் பார்த்துத் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு கணவனின் முகம் தோன்றியது. கைபேசி அழைப்பு.

கைபேசியில் அழைப்பு வராதபடி செய்துவிட்டுத்தான் எப்போதும் கிளப்புவாள். இன்று மாமனார் நாற்காலி இழுத்த பதற்றத்தில் விட்டுப்போயிற்று. துண்டித்தாள். மறுபடி வந்தது. எடுக்காவிட்டால் எடுக்கும்வரை அடிக்கிற ஆள்.

"என்னங்க?"

"டீத்தூள் டப்பா எங்க வச்சிருக்க?"

"உங்க கண்ணு முன்னாடி."

"என் கண்ணு முன்னாடி சர்க்கரைதான் இருக்கு."

"அதுக்குப் பின்னாடி பாருங்க. நான் பறக்கவிட்டிருக்கேன், கூப்பிடாதீங்க!"

"கோவப்படாத, உனக்குத்தான் டீ போடறேன்."

துண்டித்தாள். ட்ரோன் பாலத்துக்கு அப்பால் தானாக நின்று, உத்தரவுக்குக் காத்திருக்கும் வேலையாள் போல அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுபது. மனசுக்குள் கணக்கை மாற்றினாள். போய்ச் சேரும்போது நாற்பத்தேழு இருக்கும். திரும்பி வர முப்பத்திரண்டாவது வேண்டும். வளைவின் மேல் ஐந்து நிமிடம் என்பது போய், ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம்.

இந்த நேரத்தில் செயலாளர் வந்து சேர்ந்தார், கையில் நோட்டோடு.

"அனுமதி நேரம் ஆறரையிலேர்ந்து ஏழு. ஆறு ஐம்பத்திரண்டு ஆகுது. சும்மா ஞாபகப்படுத்தலாம்னு வந்தேன்."

"வாங்க சார், வாங்க," என்றார் மாமனார் எழுந்து நின்று. அந்த 'வாங்க'வில் வரவேற்பு கொஞ்சம்கூட இல்லை. "உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். தொட்டிக்குள்ள செருப்பு மிதக்குது."

"எந்தத் தொட்டி?"

"எத்தனை தொட்டி இருக்கு? நாம குடிக்கிற தொட்டிதான். பச்சை வார். போன வாரம் வரைக்கும் பச்சை வார் செருப்பு போட்டுட்டு நடந்தது யாரு சார் இந்தக் கட்டடத்துல?"

எல்லோரும் செயலாளரின் காலைப் பார்த்தார்கள். புதுச் செருப்பு. கறுப்பு வார். விலைச் சீட்டு ஒட்டியிருந்த தடம்கூட இன்னும் போகவில்லை.

அவள் மட்டும் பார்க்கவில்லை. அவள் கண் திரையில் இருந்தது. சிமென்ட் ஆலையின் உடைந்த கூரை கீழே போனது. அதற்கப்பால் மதில். பிறகு முள்காடு.

"பச்சை வார் செருப்பு ஊர்ல ஆயிரம் பேர் போடறான்," என்றார் செயலாளர்.

"ஆயிரம் பேர் கிட்ட இந்த மாடிச் சாவி இல்லையே சார்."

"ஏணியில யாரும் ஏறக் கூடாதுன்னு போர்டு வச்சதே நான்!"

"அதான் சார் கேக்கறேன். ஏறினா செருப்பு வழுக்கி உள்ள விழும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கைபேசி மறுபடி அடித்தது. "மாடியில என்ன சத்தம்? அப்பா யாரோட சண்டை போடறாரு?" என்றான் கணவன். "எந்தச் செருப்பு?" என்று அவன் ஆர்வமாகத் தொடங்கும்போதே அவள் துண்டித்துவிட்டாள். பேட்டரி இன்னும் இரண்டு புள்ளி இறங்கியிருந்தது. நாற்பத்தைந்து.

ட்ரோன் வளைவின் மேல் வந்தது. கேமராவை நேர் கீழே சாய்க்கத் தொடங்கினாள். கட்டைவிரல் தானாகவே சிவப்புப் பொத்தானுக்குப் போய் அழுத்தியது. டிக் என்று கேட்டது. பிறகு அவள் பார்த்தாள்.

அவள் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு நேர்கோட்டை. அங்கே இருந்தது அது இல்லை. செம்மண் தண்ணீர் கனமாக, அவசரமில்லாமல் வந்தது. கறுத்த தண்ணீர் பக்கவாட்டிலிருந்து வேகமாக வந்து அதன் விலாவில் மோதி, உள்ளே நுழைய முடியாமல் மடங்கி, அதையொட்டியே திரும்பி ஓடியது. இரண்டுக்கும் நடுவில் இருந்த விளிம்பு ஓரிடத்தில் நிற்கவில்லை. சுருள் சுருளாக உள்ளே புகுந்தும் வெளியே பிதுங்கியும் நெளிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு சுருளிலும் ஒரு கைப்பிடிச் செம்மண் கறுப்புக்குள் போய், ஒரு கணம் பூப்போல விரிந்து, பிறகு காணாமல் போனது. வெள்ளைப் பறவை ஒன்று அந்த விளிம்பின் மேலேயே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகாமல், தாழ்வாகப் பறந்து போயிற்று. அதன் நிழல் பாதி சிவப்பிலும் பாதி கறுப்பிலும் விழுந்தது.

'பேட்டரி குறைவு. பத்து விநாடியில் திரும்பும்' என்று திரையில் எழுத்து வந்து கீழிறங்கி எண்ணத் தொடங்கியது. ஒன்பது, எட்டு, ஏழு. நாற்பத்திரண்டு சதவீதம். இயந்திரம் பயந்த சுபாவம், பத்து சதவீதம் பாதுகாப்புக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டு கணக்குப் போடும். அவள் எக்ஸ்ரே அறையில் எந்த விதியையும் மீறியதில்லை. 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள்.

"மூடியைத் தொறந்தவன் மூடணும்ல சார்? அந்த அறிவுகூட இல்லாம..."

"வார்த்தையை அளந்து பேசுங்க!"

முப்பத்தொன்பது. சுருள்கள் வளைவைத் தாண்டி எது வரை போகின்றன என்று கேமராவைக் கொஞ்சம் நிமிர்த்திப் பார்த்தாள். கண்ணுக்கெட்டும் தூரம் வரை போயின. முப்பத்தேழு. "மாமா, இங்க பாருங்க" என்று சொல்ல வாய் வந்தது. திரும்பிப் பார்த்தாள். மூன்று பேரும் தொட்டி ஏணியின் அடியில் நின்று, யார் ஏறுவது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தாறு. மறுபடியும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு ட்ரோனைத் திருப்பினாள்.

திரும்பும் வழியில் காற்று கிளம்பியிருந்தது, எட்டு மணிக்கு வரவேண்டியது ஏழுக்கே. இருபது சதவீதத்தில் ரிமோட் கூவத் தொடங்கியது. பன்னிரண்டில் விடாமல் கூவியது. பாலம் வந்தபோது ஒன்பது. அவள் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கூரைகளுக்கு மேலே கால் தொடாத குறையாகக் கொண்டுவந்தாள். ஆற்றுக்குள் விழுந்தால் தேட முடியாது. யார் வீட்டு மாடியிலாவது விழுந்தால் நாளைக்கு அனுமதி அலுவலகத்தில் நிற்க வேண்டும். உள்ளங்கை வேர்த்து ரிமோட் வழுக்கியது.

"அந்தக் கூவலை நிறுத்தும்மா, பேசறது காதுல விழல," என்றார் மாமனார்.

தரைப்பாய்க்குக் கூடக் கொண்டுபோகவில்லை. மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்ததுமே கையை நீட்டி அடியில் பிடித்தாள். நான்கு சதவீதம். விசிறிகள் நின்றன. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கணவன் இரண்டு கையிலும் டீக் கோப்பைகளோடு மேலே வந்தபோது வழக்கு முற்றியிருந்தது. செருப்பைப் படமாகப் பார்க்காமல் தான் ஒரு வார்த்தைகூடப் பேசப்போவதில்லை என்று செயலாளர் நோட்டை மூடிவிட்டார். எல்லோரும் வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவளுக்கும் மறுக்கத் தோன்றவில்லை. செருப்பு முடிந்ததும் ஆறு வரும், எல்லோரும் சேர்ந்து பார்க்கட்டும் என்று ஒரு நினைப்பு. ட்ரோனிலிருந்து நினைவட்டையை எடுத்துக் கைபேசியில் செருகினாள்.

இரண்டு பதிவுகள் இருந்தன. தொட்டிக்கு ஒன்று, ஆற்றுக்கு ஒன்று, சரிதான். முதல் பதிவின் நீளம் பன்னிரண்டு நிமிடம் என்று காட்டியது. செருப்புக்கு எதற்குப் பன்னிரண்டு நிமிடம்?

செருப்பு அருமையாக விழுந்திருந்தது. வாரின் பச்சை, குதிகால் தேய்மானம், எல்லாம் துல்லியம். "நிறுத்து, நிறுத்து, பெருசாக்கு," என்றார் மாமனார். அதை அவர்கள் ஆராய்ந்து முடித்ததும் பதிவு ஓடியது. விரிப்பு வந்தது. "ஐ, என் விரிப்பு!" பிறகு பாலம். அந்தரத்தில் அசையாமல் நின்ற நேரம். சிமென்ட் ஆலை. மதில். முள்காடு. திரையின் மேல் ஓரத்தில் தண்ணீரின் முதல் சிவப்பு எட்டிப் பார்த்தது. படம் கீழே சாயத் தொடங்கியது. நின்றது. பதிவு முடிந்தது.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததை ஒத்துக்கொள்ள மனசு கொஞ்சம் நேரம் எடுத்தது. தொட்டிக்காக ஓடவிட்டதை அவள் நிறுத்தவே இல்லை. வளைவின் மேல் ஆசையாக அழுத்தியது தொடங்குவதற்கு என்று நினைத்தாள், அது நிறுத்தியிருக்கிறது. திரும்பும்போது நிறுத்துவதாக நினைத்து அழுத்தியது மறுபடி தொடங்கியிருக்கிறது. பதிவு ஓடுவதைக் காட்டும் சின்ன எண்கள் திரையின் ஒரு மூலையில் இருந்தன. அவள் காலை முழுவதும் பேட்டரி இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் பதிவை நாத்தனாரே தட்டினாள். அதில் ஆற்றின் முதுகு கொஞ்சம், பிறகு ஏழு நிமிடம் ஊர்க் கூரைகள், ரிமோட் கூவிய பாதை முழுக்க.

"என்னம்மா, எதையோ பாக்கணும்னு குதிச்சியே, அது எங்க?" என்றார் மாமனார்.

"விழல."

"விழலன்னா?"

"பதிவாகல. எல்லாம் பதிவாச்சு. செருப்பு பதிவாச்சு, விரிப்பு பதிவாச்சு, நீங்க டீத்தூள் கேட்ட நேரம் பதிவாச்சு. அது மட்டும்தான் ஆகல." குரல் அவளை மீறி உயர்ந்தது. "ரெக்கார்டு பண்ணும்மான்னு சொன்னீங்களே மாமா. பண்ணிட்டேன்!"

செயலாளர் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். கணவன் டீயை அவள் பக்கத்தில் வைத்தான். "சரி விடு," என்றான். 'சரி விடு' என்று சொல்லும்போது தோளில் கை வைக்க வேண்டும் என்பது அவனுக்கு எப்போதாவதுதான் ஞாபகம் வரும். இன்று வந்தது. "சார்ஜ் போட்டு இன்னொரு தடவை விட்டா?"

"ஒண்ணரை மணி நேரம் ஆகும். காத்து வந்தாச்சு. இந்த பேட்டரி அந்தக் காத்துல போய்ட்டு வராது."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். சுருள்கள், கைப்பிடி மண், பறவையின் நிழல் எல்லாம் தொண்டை வரை வந்தன. நான்கு முகங்கள் காத்திருந்தன. சொன்னால், அவ்வளவுதானா என்பார் மாமனார். அண்ணி கவிதை சொல்றாங்க என்பாள் நாத்தனார். கணவன் மாலைக்குள் நண்பனுக்கு ஃபோன் போட்டுத் தான் பார்த்தது போலச் சொல்லுவான். எட்டு மாதமாக இந்த ட்ரோன் கண்டதையெல்லாம் இவர்களுக்கே காட்டியாயிற்று.

"தண்ணி," என்றாள்.

"என்ன தண்ணி?"

"ஆத்துத் தண்ணி."

"அட, ஒழுங்கா சொல்லேன்!"

"மாட்டேன்."

"இதென்ன பிடிவாதம்? கேக்கறோம்ல?" மாமனாருக்கே இப்போது பொறுக்கவில்லை. "இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணிட்டு, கடைசில சொல்லவும் மாட்டேன்னா?"

"மதகு அடுத்த தடவை திறக்கும்போது நீங்களே போய்ப் பாத்துக்கங்க மாமா."

"எப்படிப் பாக்கறது? நாளைலேர்ந்து பறக்கவிடக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"ஆமா," என்றாள் அவள். டீயை எடுத்துக் குடித்தாள். சர்க்கரை போட்டிருந்தான், டீத்தூள் போட்ட மாதிரித் தெரியவில்லை. இருந்தும் குடித்தாள்.

நாத்தனாரின் கையில் இரண்டாம் பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கூரைகள் முடிந்து, இந்த மாடியின் கைப்பிடிச் சுவர் வந்து, படத்துக்குள் கையை நீட்டிக்கொண்டு அவளே வந்தாள். நாத்தனார் நிறுத்தினாள்.

"அண்ணி... இது நீங்களா?"

கணவன் எட்டிப் பார்த்தான். தலை கலைந்து, நெற்றி வேர்த்து, அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரையும் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை. அவன் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இரு, இரு," என்றார் மாமனார் இருவருக்கும் நடுவில் தலையை நுழைத்து. "அவளுக்குப் பின்னாடி ஏணிகிட்ட நிக்கறது செயலாளர் கால்தானே? அதைப் பெருசாக்கு. பழைய அளவும் புது அளவும் ஒண்ணான்னு பாத்துடலாம்."

நாத்தனார் இரண்டு விரலால் படத்தை விரித்தாள். சிரிப்பு திரைக்கு வெளியே போனது. ஒரு புதுச் செருப்பு பெரிதாக வந்து நின்றது. அவர்கள் குனிந்துகொண்டார்கள். அவள் விசிறிகளை ஒவ்வொன்றாக மடக்கி ட்ரோனைப் பைக்குள் வைத்து, மாடிச் சாவியைச் செயலாளரின் நோட்டின் மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.